ஓட மனசு வரவில்லையா? சோம்பல் என்று முடிவுகட்டும் முன்

ஜனவரியில் சென்னையிலோ மும்பையிலோ மாரத்தானை முடித்தவர்களுக்குப் பிப்ரவரி நடுவில் ஒரு நாள் வரும். நாலரை மணிக்கு அலாரம் அடிக்கும், கை தானாக நீண்டு அணைத்துவிடும். நாலு மாதம் ஒரு நாள் தவறாமல் எழுந்த அதே ஆள்தான். ஒரு வாரம் இப்படியே போனால் 'சோம்பேறி ஆகிட்டோம்' என்று தன்னையே திட்டிக்கொண்டு, அந்தக் கோபத்தில் அடுத்த மாரத்தானுக்குப் பணம் கட்டிவிடுவார். முதல் தவறு இதுதான். 42.195 கி.மீ. ஓடிய தசைகள் முழுக்கச் சரியாக இரண்டு, மூன்று வாரம் ஆகும். கால்வலி அதற்கு முன்பே போய்விடுவதால் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஓட மனசு வராதது பல நேரம் மனசின் கோளாறே இல்லை. உடம்பு கேட்கும் லீவு.

அதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும் முன், மணிக்கட்டில் விரல் வைத்து 60 விநாடி நாடித்துடிப்பை எண்ணுங்கள். ஒரு வாரம் எழுதி வையுங்கள். வழக்கமாக 54 இருப்பவருக்கு நாலைந்து நாள் தொடர்ந்து 60, 62 என்று நின்று, தூக்கமும் கெட்டு, வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுகிறார் என்றால் அவருக்குத் தேவை ஓய்வு. வாட்ஸ்அப்பில் வரும் ஊக்க வாசகங்கள் அங்கே எடுபடாது.

ஓய்வெடுத்தும் களைப்பு போகவில்லையென்றால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று வந்துவிடுவது பலரும் செய்யும் பிழை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச்சத்தின் சேமிப்பு காலியாகியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. சைவம் சாப்பிடுபவர்கள், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்கள் இதை அவசியம் பார்க்கவேண்டும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் ஃபில்டர் காபி, உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேருவதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிடலாம். ரிப்போர்ட் பார்க்காமல் இரும்பு மாத்திரை மட்டும் வேண்டாம். சாப்பாட்டின் அளவையும் பாருங்கள். வெறும் வயிற்றில் 15 கி.மீ. ஓடிவிட்டுப் பத்து மணிக்கு இரண்டு இட்லியோடு ஆபீஸ் போகிறவருக்கு ஆர்வம் வற்றாமல் என்ன செய்யும்? பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் நின்றுபோனால் அது 'நன்றாக உழைக்கிறோம்' என்பதற்கு அடையாளம் இல்லை. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது வெயில். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் விடியற்காலையிலும் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்பவேண்டியிருப்பதால், அதே முயற்சிக்குக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம்கூட அதிகம் பிடிக்கலாம். ஜனவரி பேஸை (ஒரு கிலோமீட்டருக்குப் பிடித்த நேரத்தை) வைத்துக்கொண்டு மே மாதத்தில் தன்னை அளப்பவர் மனம் விட்டுப்போவதில் ஆச்சரியமில்லை. உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். கத்திரி முடியும்வரை நிலையைத் தக்கவைத்தாலே போதும்.

இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்கள் செய்யும் தவறுதான் அதிகச் சேதம் செய்வது. ஒரு மாதம் ஓடாமல் இருந்தால் ரத்தத்தின் அளவு குறையும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் குறைவதால், பழைய வேகத்தில் முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கும். இது சில வாரத்தில் திரும்பிவிடும். சிக்கல் அதன் பிறகுதான். மூச்சு தேறும் வேகத்தில் தசைநாணும் எலும்பும் தேறுவதில்லை. மூன்றாவது வாரம் 'பழைய ஆள் ஆகிட்டோம்' என்று டெம்போ, அதாவது வேகத்தைக் குறைக்காமல் தொடர்ந்து ஓடும் கடினப் பயிற்சி, ஓடுகிறார்; நாலாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. இரண்டாம் முறை நின்றுபோகிறவரை மறுபடி கிளப்புவது கடினம்.

அதனால் முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று நாள் போதும். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, இப்படி 5 முறை. இரண்டாம் வாரம் 6 முறை. மூன்றாம் வாரம் நடையில்லாமல் 25 நிமிடம். அதன்பிறகு வாரத்தில் ஒரு ஓட்டத்தை மட்டும் 5 முதல் 10 நிமிடம் கூட்டுங்கள். முதல் நாலு வாரம் வேகப்பயிற்சி கிடையாது. வாட்ச்சில் பேஸ் காட்டும் திரையை எடுத்துவிட்டு நேரத்தை மட்டும் வையுங்கள். வேகத்துக்கு அளவு, ஒரு குறளை நடுவில் மூச்சு வாங்காமல் முழுதாகச் சொல்ல முடியவேண்டும். முதல் ஞாயிறே பழைய குரூப்பின் வேகமான கூட்டத்தோடு சேர்ந்தால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. ஓட்டக் கணக்கை நண்பர்களோடு பகிரும் ஸ்ட்ராவா ஆப்பையும் ஒரு மாதம் மூடிவையுங்கள்.

500 முதல் 800 கி.மீ. ஓடிய ஷூவையும் ஒருமுறை பாருங்கள். அடியிலுள்ள நுரை செத்துப்போனால் கால் கனக்கும். பழியை மனசு ஏற்கும்.

ஆர்வம் வந்தபிறகு ஓடலாம் என்று காத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் வராது. ஷூ போட்டு 10 நிமிடம் மட்டும் ஓடுங்கள். அதற்குள் உடம்பு சூடேறி, முக்கால்வாசி நாள் தொடரத் தோன்றும். தோன்றவில்லையென்றால் குற்ற உணர்ச்சியில்லாமல் வீடு திரும்பலாம். தொடர்ந்து நாலு முறை பத்தாவது நிமிடத்தில் திரும்பிவிட்டீர்கள் என்றால், மறுநாள் காலை படுக்கையிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணத் தொடங்குங்கள்.