ஸ்கேன் ரிப்போர்ட் வரும்வரை: வேலூர் பக்கத்து நோயாளிகளுக்கும் கூட வருபவர்களுக்கும்

ஸ்கேன் முடிந்ததும் கவுண்டரை விட்டு நகராதீர்கள். நான்கு விஷயம் கேட்டு ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மேல் கிடைக்கும்? கையில் தருவார்களா, கம்ப்யூட்டரிலேயே டாக்டருக்குப் போய்விடுமா? தேதி தாண்டினால் யாரைக் கேட்பது? அதைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு எந்தெந்தக் கிழமை ஓ.பி.? கடைசிக் கேள்வியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ரிப்போர்ட் புதன்கிழமை வந்து, ஓ.பி. திங்கட்கிழமை என்றால், நடுவில் நான்கு நாள் புரியாத வார்த்தைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். ரிவ்யூ அப்பாயின்ட்மென்ட்டை அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

டெக்னீஷியனின் முகத்தைப் பார்த்து எதையும் கணக்குப் போடாதீர்கள். முடிவைச் சொல்வது அவர் வேலை இல்லை. நல்ல செய்தி என்றாலும் அவர் வாய் திறக்கமாட்டார். "இன்னொரு தடவை படுங்க" என்று கூப்பிட்டாலும் அப்படித்தான். மூச்சை அடக்கச் சொன்ன நேரத்தில் இருமினாலோ, எம்.ஆர்.ஐ. ஓடும்போது காலை அசைத்தாலோ படம் கலங்கிவிடும், திரும்ப எடுப்பார்கள்.

அடுத்தது தாமதம். "இவ்வளவு நாள் ஆகுதுன்னா ஏதோ இருக்கு" என்ற நினைப்பு வயிற்றில் புளியைக் கரைக்கும். நாள் ஆவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம். ஒரு சி.டி. ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பயிற்சி டாக்டர் முதலில் எழுதுவார், மூத்த ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்) சரிபார்த்துக் கையெழுத்திடுவார். போன வருடம் வேறு ஊரில் எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட வேண்டுமென்றால், அந்தப் படங்கள் பதிந்த சி.டி. (டிஸ்க்) வந்து சேரும்வரை ரிப்போர்ட் நிற்கும். பழைய ஃபிலிம் மட்டும் போதாது, சி.டி.யையும் கொண்டுபோய்க் கொடுங்கள். நடுவில் ஞாயிறோ பண்டிகை விடுமுறையோ வந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பயாப்ஸிக்கு இன்னும் நாளாகும். எடுத்த சதைத் துணுக்கு முதலில் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறி இறுக வேண்டும். பிறகு அதை மெழுகில் பதித்து, 3 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றினால்தான் நுண்ணோக்கியில் எதுவும் தெரியும். எலும்புத் துணுக்கு என்றால் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கவே தனியாக நாள் பிடிக்கும். "ஐ.எச்.சி. போட்டிருக்கிறோம்" என்றால், எந்த வகைச் செல் என்று உறுதிசெய்ய வேறு சாயங்களைச் சேர்க்கிறார்கள் என்று பொருள், இன்னும் சில நாள் கூடும். ஸ்கேனில் உடனே கவனிக்கவேண்டிய ஆபத்து தெரிந்தால், ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திராமல் ரேடியாலஜிஸ்ட் உங்கள் டாக்டருக்கே போன் செய்து சொல்வதுதான் நடைமுறை.

குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கத்துக்காரர்கள் ரிப்போர்ட்டுக்காகக் காந்தி ரோடு லாட்ஜில் அறை எடுத்துக் கிடக்கவேண்டாம். பஸ் ஏறி வீட்டுக்குப் போங்கள். லாட்ஜ் அறையில் செய்ய ஒரு வேலையும் இருக்காது, பக்கத்து அறைக்காரர்களின் நோய்க்கதைதான் காதில் விழும். தங்கியே ஆகவேண்டும் என்றால் வெயில் ஏறுமுன் கோட்டை அகழியை ஒட்டி அரைமணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் அது நடக்காது.

பெட் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுப்பது) எடுத்திருந்தால் அன்று சில மணி நேரம் கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் நெருங்காதீர்கள்; எத்தனை மணி நேரம் என்று அங்கேயே சொல்வார்கள். கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடுவது) போட்டிருந்தால், டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவரை, நிறையக் குடியுங்கள். சர்க்கரை நோயாளிகள் கவலையில் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. சர்க்கரை இறங்கிப் படபடப்பும் வியர்வையும் வரும், அதையும் பயம் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

கவலைப்படாதே என்றால் மனசு கேட்காது. அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்: சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது நிமிடம், ஒரு நோட்டோடு. நினைப்பு வேறு நேரத்தில் வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு ஆறு மணிக்குத் தள்ளுங்கள். அந்த நோட்டில் டாக்டரிடம் கேட்கவேண்டியவை தானாகச் சேரும். நெஞ்சு படபடத்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கவேண்டும், பலன் அதில்தான். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். படுத்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள், போனை மட்டும் எடுக்காதீர்கள். தாங்கவே முடியவில்லை என்றால் 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

சொந்தக்காரர்களின் போன் தனித் தொல்லை. வீட்டில் ஒருவர் மட்டும் பதில் சொல்லட்டும்: "மாமா, வியாழக்கிழமைதான் ரிப்போர்ட். வந்ததும் நானே கூப்பிடறேன்." அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"அம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க டாக்டர்" என்று ஓ.பி. வாசலில் கண்ஜாடை காட்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். அதற்குப் பதிலாக இந்தக் காத்திருக்கும் நாட்களிலேயே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்: "ரிப்போர்ட் வந்தா டாக்டர் உன்கிட்டயே சொல்லட்டுமா, இல்ல எங்ககிட்ட சொன்னா போதுமாம்மா?" பெரும்பாலானவர்களுக்கு இதில் தெளிவான பதில் இருக்கும். முடிவு வந்த பிறகு கேட்டால் உங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

ரிப்போர்ட் முதலில் உங்கள் கையில் கிடைத்தால் கடைசியில் உள்ள 'இம்ப்ரெஷன்' பகுதியை மட்டும் படியுங்கள். மேலே உள்ளதெல்லாம் கண்ணில் பட்ட ஒவ்வொன்றின் பட்டியல். வயதோடு வரும் சாதாரண மாற்றங்களும் அதில் ஏறியிருக்கும். 'லீஷன்' என்றால் இயல்புக்கு மாறான ஓர் இடம், அவ்வளவுதான். புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில், எவ்வளவு சந்தேகம் என்று காட்ட பைராட்ஸ் என்று ஒரு வகுப்பு எண் போடுவார்கள். அது 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் எடுக்கவேண்டும் அல்லது பழைய படம் வேண்டும். 3 என்றால் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. 4 என்றால் பயாப்ஸி வேண்டும்; அந்த வகுப்பில் வாய்ப்பு 2 முதல் 95 சதவீதம் வரை விரிந்து கிடக்கிறது, ஆகவே அந்த எண்ணை மட்டும் கூகுளில் போட்டுப் பயனில்லை.

மூச்சுத் திணறல், வலிப்பு, கைகால் திடீரென வலுவிழப்பது, வாய் கோணுவது, பயாப்ஸி எடுத்த இடத்தில் நிற்காத ரத்தம், கடும் காய்ச்சல்: இவற்றில் எது வந்தாலும் ரிப்போர்ட் தேதிவரை பொறுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரிப்போர்ட் வாங்கும் நாளில் கூட ஒருவர் வரட்டும். கேட்பது நீங்கள், எழுதுவது அவர். கவுண்டரிலேயே பெயர், வயது, ஆஸ்பத்திரி நம்பர், வலதா இடதா என்று ஒரு தடவை சரிபாருங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்தி வாங்கி, சி.டி.யையும் ஒரு ஜெராக்ஸையும் அதே ஃபைலில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.