ரோடு பைக் கம்பெனியின் மவுண்டன் பைக்கா? பின்பக்கத்தைப் பாருங்கள்

"இவங்க ரோடு பைக்கைப் பத்து வருஷமா ஓட்டுறேன். இப்ப மவுண்டன் பைக்கும் விட்டிருக்காங்க. நம்பி வாங்கலாமா?" பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் இதைக் கேட்கிறார்கள். வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் முன்பக்கம் எழுதியிருக்கும் பெயரை விட்டுவிட்டு, பைக்கின் பின்பாதியை முக்கியமாகப் பாருங்கள்.

ரோடு பைக் செய்து பழகியவர்களுக்கு கார்பன் குழாய் கைவந்த கலை. எங்கே விறைப்பு வேண்டும், எங்கே எடையைக் குறைக்கலாம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்டு டெயிலுக்கு அந்த அறிவு அப்படியே பயன்படும். அதனால் ஹார்டு டெயில் என்றால் நான் அதிகம் யோசிக்க மாட்டேன். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷனில் கதை வேறு. பின்பாதி மடங்க உதவும் கீல், அதற்குள் பேரிங், அதிர்வைத் தாங்கும் ஷாக் எல்லாம் சேர்ந்த ஒரு தனி இயந்திரமே ஃபிரேமுக்குள் வந்து உட்கார்கிறது. ரோடு பைக்கில் அதற்குப் பயிற்சியே கிடையாது.

பாதை மாறி வந்தவர்கள் சாதித்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கின் மவுண்டன் பைக் பந்தயத்தில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் தங்கம் வென்றது பெயர் எழுதாத பி.எம்.சி. கம்பெனி பைக்கில். ஆனால் அவருடைய அணிக்கு பைக் கொடுத்துவந்தது ரோடு பைக்குக்குப் பேர்போன பினரெல்லோ. 2023-இல் அந்தக் கம்பெனியே டோக்மா எக்ஸ்.சி. என்ற ஃபுல் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பில், மேடு பள்ளப் பாதையில் சுற்றிவரும் கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் பிட்காக், பிரான்ஸ் வீராங்கனை பாலின் ஃபெராண்ட் பிரெவோ இருவரும் அதில்தான் வென்றார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆண், பெண் இரண்டு தங்கமும் அவர்களுக்கே. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர்களுக்கு ஒவ்வொரு பந்தயத்திலும் மெக்கானிக் உண்டு, உதிரி பாகம் வண்டியிலேயே வரும். நமக்கு அது இல்லை.

முதலில் கையேட்டையோ ஃபிரேமில் ஒட்டிய ஸ்டிக்கரையோ பார்த்து, பைக் எந்தப் பயன்பாட்டு வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பல கம்பெனிகள் ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் வகைப்பாட்டைப் பின்பற்றுகின்றன. அதில் வகை 1 தார்ச்சாலைக்கு. வகை 3 கரடுமுரடான டிரெயிலுக்கு, 61 செ.மீ. வரையிலான குதிப்புக்கு. வகை 4 என்றால் 122 செ.மீ. வரை. கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கென்று செய்த பைக் பெரும்பாலும் 3-இல்தான் இருக்கும். நண்பர்கள் குதிக்கும் இடத்திலெல்லாம் நீங்களும் குதிப்பதாக இருந்தால் அது போதாது.

அடுத்து அளவு அட்டவணை. ஹெட் ஆங்கிள், அதாவது முன் ஃபோர்க் நிற்கும் கோணம், ரோடு பைக்கில் 73 டிகிரியை ஒட்டி இருக்கும். இன்றைய கிராஸ் கன்ட்ரி பைக்கில் 66 முதல் 68. எண் குறையக் குறைய இறக்கத்தில் முன்சக்கரம் நிதானமாக நிற்கும். புது மாடலில் 70-ஐத் தொட்டால் ரோடு பைக் கண்ணோடு வரைந்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன். ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மிலும் உங்கள் ரோடு பைக்கின் நீளத்தை இங்கே தேடாதீர்கள். 60, 70 மி.மீ. ஸ்டெம்மும் 740 மி.மீ.க்கு மேல் அகலமான ஹேண்டில்பாரும் இங்கே இயல்பு.

ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே வார்ப்பாக இருக்கிறதா என்று கவனியுங்கள். பிரேக் குழாய் ஹெட்செட் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) வழியாக ஃபிரேமுக்குள் போகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் ரோடு பைக்கில் ஊறிய பழக்கங்கள். அங்கே காற்றைக் கிழிக்க உதவும். சேற்றில் ஓடும் பைக்கில் ஹெட்செட்டின் மேல் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதை மாற்ற பிரேக் குழாயைக் கழற்ற வேண்டும், பிறகு எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அரை மணி நேர வேலை அரை நாள் ஆகிவிடும்.

இனி பின்பாதி. இதில் நான் பட்டது இருக்கிறது. ரோடு பைக்கில் பெரிய பெயருள்ள ஒரு கம்பெனியின் முதல் ஃபுல் சஸ்பென்ஷனை ஆசையாக வாங்கினேன். மழையில் சில மாதம் ஓட்டியதும் ஒவ்வொரு மிதிக்கும் கிரீச். கீலைப் பிரித்தேன். பேரிங்கின் ரப்பர் மூடியில் 6902 என்று தெளிவாக இருந்தது: உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. பேரிங் விற்கும் எந்தக் கடையிலும் கிடைப்பது, மறுநாளே வந்துவிட்டது. ஆனால் அதைப் பிடித்திருந்த போல்ட்டின் மரை தேய்ந்துபோயிருந்தது. அது அந்தக் கம்பெனிக்கே உரிய அளவு. நான்கு மாதம் காத்திருந்தேன். பைக் சுவரில் தொங்கியது.

அதனால் பணம் கொடுக்கும் முன் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். கீலின் பேரிங் எண்கள் என்ன? போல்ட் செட் தனியாகக் கிடைக்குமா, இப்போது கையிருப்பில் இருக்கிறதா? ஷாக் பொதுவான அளவா, 190 x 45 போல (நீளம் 190 மி.மீ., அமுங்கும் தூரம் 45 மி.மீ.)? பின் கியரைத் தாங்கும் ஹேங்கர், பல கம்பெனிகளுக்கும் பொதுவான யு.டி.ஹெச். என்றால் இன்னும் நல்லது, விழுந்து வளைந்தாலும் எங்கும் கிடைக்கும். கடைக்காரர் தயங்கினால் அதே கம்பெனியின் இரண்டாவது பதிப்பு வரும் வரை பொறுங்கள். முதல் பதிப்பில் ஓட்டியவர்கள் கண்ட குறைகள் அதில் சரியாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஓட்டிப் பார்க்கும்போது ஷாக்கில் காற்று உங்கள் எடைக்கு ஏற்ப இல்லையென்றால் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஷாக் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை ஷாக்கின் உருளையை ஒட்டும்வரை தள்ளிவிட்டு, மெல்ல சீட்டில் உட்கார்ந்து, குலுக்காமல் இறங்குங்கள். 45 மி.மீ. அமுங்கும் ஷாக்கில் வளையம் 11 மி.மீ. அளவுக்கு நகர்ந்திருந்தால் கால் பங்கு, தொடங்குவதற்கு அது சரி. கம்பெனி வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே வையுங்கள். டயரில் ரோடு பைக் காற்றை அடிக்காதீர்கள். டியூப்லெஸ் என்றால் எடையைப் பொறுத்து 20 முதல் 25 பி.எஸ்.ஐ. பலருக்குப் போதும்.

ஓட்டி முடித்ததும் சீட்டின் பின்முனையைப் பிடித்து, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு மெதுவாகத் தூக்குங்கள். சக்கரம் எழும் முன் சீட்டு மட்டும் ஒரு நூல் அளவு அசைந்து, கையில் 'டக்' என்று தட்டினால் எங்கோ தளர்வு இருக்கிறது. கீலாக இருக்கலாம், ஷாக்கை ஃபிரேமில் மாட்டும் துளையில் உள்ள புஷ்ஷாகவும் இருக்கலாம். கடைக்காரரையே, அளவோடு இறுக்கும் டார்க் ரென்ச்சில் இறுக்கச் சொல்லி, மறுபடியும் தூக்கிப் பாருங்கள். அப்போதும் தட்டினால் அந்த பைக்கை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.