பக்கத்தில் ஃபயரிங் ரேஞ்ச், தலைக்கு மேல் ஜெட்: ஊராட்சி செய்ய வேண்டியவை

சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் சுகோய், அரக்கோணத்தில் கடற்படை விமானங்கள், அனுமந்தபுரத்தில் துப்பாக்கி சுடும் தளம். சுற்றியுள்ள ஊர்களில் புகார் ஏறக்குறைய ஒன்றுதான்: திடீரென இடி விழுந்த மாதிரி சத்தம், தூளியில் குழந்தை அலறுகிறது, ஓடு அதிர்கிறது, பண்ணையில் கோழி சாகிறது. ஊராட்சிகள் வழக்கமாகப் போடும் தீர்மானமும் ஒன்றுதான்: "ராணுவப் பயிற்சியால் பொதுமக்கள் பாதிக்கப்படுவதால் உரிய நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது." அது எந்த மேசையிலும் நகராது. எந்த நாள், எத்தனை மணி, எந்த சர்வே எண், என்ன செய்ய வேண்டும் என்று எதுவுமே அதில் இல்லை.

பயிற்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது. ஆனால் நேரம், முன்னறிவிப்பு, இழப்பீடு, பாதுகாப்பு ஆகிய நான்கையும் கேட்டுப் பெற நல்ல இடம் இருக்கிறது. முழு உழைப்பையும் அங்கே போடுங்கள்.

சத்தம் யாருடையது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு எழுதினால், "எங்கள் பயிற்சி அல்ல" என்று ஒரே வரியில் பதில் வரும். ராணுவம், விமானப்படை, கடற்படை, மத்திய தொழிற்பாதுகாப்புப் படை, மாநிலக் காவல்துறை என ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பொறுப்பு அதிகாரி. ஒரே ரேஞ்சை இரண்டு மூன்று படைகள் முறைவைத்துப் பயன்படுத்துவதும் உண்டு.

விமானத்தில் இன்னொரு சிக்கல். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும்போது எழும் அதிர்வொலி வெகுதூரம் கேட்கும். 2020 மே 20 அன்று பெங்களூரையே அதிரவைத்த சத்தம் விமானப்படையின் சோதனைப் பறப்பில் எழுந்தது. அப்படிப்பட்ட சத்தம் 65 முதல் 80 கி.மீ. தொலைவிலும் கேட்கக்கூடும் என்று பாதுகாப்புத் துறை அப்போது விளக்கியது. ஆகவே ஒற்றை இடிச்சத்தத்துக்குப் பக்கத்துத் தளம்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். "இன்ன நேரத்தில் இப்படி ஒரு சத்தம், காரணம் தெரிவிக்கவும்" என்று கேளுங்கள்.

ஃபயரிங் ரேஞ்ச் என்றால் அந்த நிலம் எந்த அடிப்படையில் பயன்பாட்டில் இருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மனுவைப் படைக்கு அனுப்புவதைவிடக் கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புவது மேல். தொழிற்பாதுகாப்புப் படை அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்றது. மற்ற படைகளும் நாட்டின் பாதுகாப்பு பற்றிய 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுக்கலாம். கேட்க வேண்டியவை: அரசிதழ் அறிவிக்கையின் நகல், அது எந்தத் தேதி வரை செல்லும், அடங்கும் சர்வே எண்கள், அபாயப் பகுதியின் எல்லை. என்ன ஆயுதம், எத்தனை வீரர், எத்தனை விமானம் என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்காக முழு மனுவும் திரும்பி வரும்.

பதிவேடு

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். குக்கிராமத்துக்கு ஒருவர் வீதம் பொறுப்பாக்குங்கள். பகலில் வீட்டில் இருப்பவராகப் பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுத் தலைவி, பெட்டிக்கடைக்காரர் நன்றாகச் செய்வார்கள். கட்டங்கள்: தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, சத்தத்தின் வகை (ஒற்றை வெடி, தொடர் வெடி, ஜெட் கடந்தது, தரையில் என்ஜின் ஓட்டம், ஹெலிகாப்டர்), காற்று எந்தப் பக்கமிருந்து, விளைவு, கையெழுத்து. "நாள் முழுக்கச் சத்தம்" என்று எழுதினால் அந்தப் பக்கம் வீண். "காலை 6.10 முதல் 6.50, தொடர் வெடி, வடக்குக் காற்று, மூன்று வீட்டில் குழந்தைகள் விழித்தன" என்றால் யாரும் தள்ளிவிட முடியாது.

காற்றையும் நேரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சற்றே வெப்பமாகவும் இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய ஒலி வளைந்து மறுபடி தரைக்கே இறங்கும். அதே துப்பாக்கி, அதே தூரம், ஆனால் காலை 6 மணிக்குக் கேட்பது 10 மணிக்குக் கேட்பதைவிட மிகக் கடுமையாக இருக்கும். 60 நாள் பதிவேடு இதைக் காட்டிக்கொடுத்தால், "ஃபயரிங்கை 9 மணிக்கு மேல் தொடங்குங்கள்" என்று கேட்க உங்கள் கையில் காரணம் இருக்கும். பயிற்சி குறையாது, சத்தம் குறையும். தளபதியால் தன் அதிகாரத்திலேயே ஒப்புக்கொள்ளக்கூடிய கோரிக்கை இது.

ஜெட்டா ஹெலிகாப்டரா என்பதற்கு மேல் விமானத்தின் வகை, எண்ணிக்கை, போகும் திசை எதையும் குறிக்க வேண்டாம். பதிவேட்டை வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். தளத்தை நோக்கிப் படமோ வீடியோவோ எடுப்பது 1923ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டத்தில் கொண்டுபோய் விடும். டிரோன் பறக்கவிடுவது அதைவிட மோசம். கேமரா எப்போதும் உங்கள் வீட்டை, உங்கள் தொழுவத்தைப் பார்த்தே இருக்கட்டும்.

அளவு எடுப்பது

செல்போன் ஆப் காட்டும் டெசிபலை மனுவில் எழுதாதீர்கள். போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பலத்த சத்தம் வந்தால் தானாகவே அடக்கிக்கொள்ளும். வெடிச்சத்தத்தில் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும், அந்த எண் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதி அளக்கச் சொல்லுங்கள், அல்லது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை அழையுங்கள். வருபவர் செய்வதைக் கூட நின்று பாருங்கள். கருவி முதல் அல்லது இரண்டாம் தரத்து ஒலிமானியாக இருக்க வேண்டும். மைக் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் தள்ளி, பஞ்சு உறையோடு நிற்க வேண்டும். அளப்பதற்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் காலிபரேட்டரை (சரியாக அந்த அளவு ஒலி எழுப்பும் கருவி) வைத்துச் சரிபார்க்க வேண்டும். காற்று விநாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அன்றைய அளவு செல்லாது. விமானத்துக்கு ஏ எடையிலும் (காதுக்குக் கேட்கும் விதத்துக்கு ஏற்ற அளவு), துப்பாக்கி, பீரங்கிக்கு சி எடை உச்ச அளவிலும் (தாழ்ந்த அதிர்வொலியையும் விடாத அளவு) எடுக்கச் சொல்லுங்கள்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் வரம்பு. ஆனால் இது நேரச் சராசரி, அங்கேதான் பல ஊர்கள் ஏமாறுகின்றன. ஒரு ஜெட் 15 விநாடி 90 டெசிபலில் கடந்துபோனால் அதைப் பகலின் 16 மணி நேரத்துக்குப் பரப்பிப் பார்க்கையில் வருவது சுமார் 54 டெசிபல்தான். காகிதத்தில் எல்லாம் சரி, வீட்டில் குழந்தை மட்டும் நடுங்குகிறது. அதனால் அறிக்கையில் சராசரியோடு ஒவ்வொரு நிகழ்வின் உச்ச அளவும் தடவைக் கணக்கும் இருந்தே ஆக வேண்டும். இந்த விதியை மட்டும் நம்பி ராணுவத்தோடு மோதுவது பயன் தராது. ஒப்பிட்டுப் பேச ஓர் அளவுகோல் என்ற மட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேதத்துக்குச் சான்று

கோழிப்பண்ணையில் திடீர்ச் சத்தம் கேட்டால் கோழிகள் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டியவை மூச்சுமுட்டிச் சாகும். வெப்பத்திலோ நோயிலோ செத்தால் கொட்டகை முழுக்கப் பரவலாகக் கிடக்கும். மிரண்டு செத்தால் மூலையில் குவிந்து கிடக்கும். ஆகவே ஒன்றையும் நகர்த்தாமல் முதலில் படம் எடுங்கள். அன்றே கால்நடை உதவி மருத்துவரை வரவழைத்துப் பிரேதப் பரிசோதனைச் சான்றும், விஏஓவிடம் எண்ணிக்கைச் சான்றும் வாங்குங்கள். மறுநாள் புதைத்துவிட்டு மனு கொடுத்தால் நிற்காது.

சுவர் விரிசல்தான் அதிகம் தோற்கும் புகார். கரிசல் மண்ணில் கோடையில் மண் சுருங்கி மழையில் உப்புவதாலேயே சுவர் விரியும். ஆய்வுக்கு வரும் பொறியாளர் முதலில் அதைத்தான் சொல்வார். பயிற்சிக் காலத்துக்கு முன்பே ரேஞ்சுக்கு அருகிலுள்ள வீடுகளைப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே விரல் அகலத்துக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டை பூசி அதன்மேலும் தேதி இடுங்கள். விரிசல் நகர்ந்தால் பட்டை உடையும், எந்த வாரம் உடைந்தது என்பதும் தெரியும். பயிற்சியே இல்லாத வாரத்தில் உடைந்தால் அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு பொய்க் கணக்கு மற்ற இருபது உண்மைக் கணக்கையும் கெடுக்கும்.

1938ஆம் ஆண்டுச் சட்டம்

ராணுவ ஒத்திகை, களச் சுடுபயிற்சி, பீரங்கிப் பயிற்சி பற்றிய 1938ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இதைப் படித்த ஊராட்சித் தலைவர்கள் மிகக் குறைவு. பயிற்சிக்கான பகுதியை அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. ஆள், சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு பாதுகாப்புத் துறை நிதியிலிருந்து வர வேண்டும். அபாயப் பகுதி என்று சொல்லி மக்களை வெளியேற்றினால், அதனால் போன கூலிக்கும் கெட்ட பயிருக்கும் சேர்த்தே இழப்பீடு. வருவாய்த் துறை அலுவலர் நேரில் விசாரித்துத் தொகையை முடிவு செய்வார். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதை விசாரிக்கக் கலெக்டர் தலைமையில் ஆணையம் அமையும். அதன் முடிவே இறுதி என்பதால் அந்த 15 நாளைத் தவறவிடவே கூடாது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. அறிவிக்கை வெளியிட்ட ராணுவப் பயிற்சிப் பகுதிக்குத்தான். காவல்துறை ரேஞ்சுக்கு இதை மேற்கோள் காட்டாதீர்கள். அறிவிக்கை நகலை முதலிலேயே வாங்கச் சொன்னது இதனால்தான். அதில் உள்ள முடிவுத் தேதியும் பெரிய ஆயுதம். ஜார்கண்டின் நேதர்ஹாட் ரேஞ்சால் 245 கிராமங்கள் பல்லாண்டு போராடின. அறிவிக்கை 2022 மே 11 அன்று காலாவதியானது, நீட்டிப்பதில்லை என்று மாநில முதல்வர் அந்த ஆகஸ்டில் முடிவெடுத்தார். காஷ்மீரின் தோசாமைதானிலும் 2014இல் குத்தகை முடிந்தபோது புதுப்பிக்கப்படவில்லை. முடிவுத் தேதிக்கு ஓராண்டுக்கு முன்பே தீர்மானங்கள் மாநில அரசிடம் சேர்ந்திருக்க வேண்டும்.

தீர்மானமும் கூட்டமும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். பொருள் நிரலில் இதைத் தனி எண்ணாகச் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். "இதர பொருள்கள்" தலைப்பில் வந்தால் மதிப்புக் குறைவு. குறைவெண் (கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது) முக்கியம்: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் நடக்கும் காலத்திலும் கிராம சபைக்குத் தடையில்லை. பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. மன்றத் தீர்மானம்தான் வழி.

தீர்மான வாசகம் இப்படி இருக்கலாம்:

"இணைப்பில் உள்ள 60 நாள் பதிவேட்டின்படி, பயிற்சிச் சத்தம் காலை 9 மணிக்கு முன் ___ தடவையும் இரவு 10 மணிக்குப் பின் ___ தடவையும் கேட்டுள்ளது. எனவே (1) பயிற்சித் தேதிகளை 7 நாள் முன்னதாக ஊராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்கவும், (2) பொதுத்தேர்வு நாள்களில் காலை 10 முதல் 1.15 வரை பயிற்சியைத் தவிர்க்கவும், (3) காலைப் பயிற்சியை 9 மணிக்குமேல் தொடங்கவும், (4) சேதக் கோரிக்கைகளைப் பெறத் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்கவும் கோர இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

நான்குக்கு மேல் கேட்காதீர்கள். பத்து கேட்டால் எளிதான ஒன்றைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். நகலைக் கலெக்டருக்கும், அவர் வழியாகத் தளத்தின் பொறுப்பு அதிகாரிக்கும், கோட்டாட்சியருக்கும், முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஊராட்சி, தளம், வருவாய்த் துறை சேர்ந்த முத்தரப்புக் கூட்டத்தைக் கோட்டாட்சியர் முன்னிலையில் கேளுங்கள். ஐந்து பேர் போனால் போதும், அதில் ஒரு தாயும் ஒரு பண்ணைக்காரரும் ஒரு தலைமையாசிரியரும் இருக்கட்டும். கூட்டக் குறிப்பில் கையெழுத்து வாங்காமல் எழுந்து வராதீர்கள். அதிகாரிகள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள். வாய்மொழி ஒப்புதல் அவர்களோடு சேர்ந்தே மாறிப் போகும்.

முன்னறிவிப்பு வந்தால் அன்றே தண்டோரா போடுங்கள், பள்ளியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். வரும் என்று தெரிந்த சத்தத்துக்கு மனிதர் அவ்வளவு மிரளுவதில்லை. மாட்டை முன்கூட்டியே கட்டிப்போடலாம், கோழிக் கொட்டகையில் ஆள் நிறுத்தலாம்.

குண்டு, ஷெல்

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், அருகிலிருந்த ரேஞ்சில் பயிற்சி நடந்த நேரத்தில் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். ரைஃபிள் குண்டு 3 கி.மீ. வரைகூடப் பறக்கும். சத்தத்துக்காகப் போகும் கூட்டத்திலேயே பாதுகாப்பையும் பேசியாக வேண்டும்: குண்டைத் தடுக்கும் பின்மேட்டின் உயரம் போதுமா, பயிற்சி நேரத்தில் சிவப்புக் கொடி ஏறுகிறதா, மேய்ச்சல் பாதைகளில் காவல் நிற்கிறதா. ஓட்டிலோ வயலிலோ குண்டு கிடைத்தால் கையில் எடுக்காமல் இடத்தோடு படம் எடுத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, மனு ரசீது வாங்குங்கள்.

வெடிக்காத ஷெல்லைப் பித்தளை, இரும்பு விலைக்காகப் பொறுக்கிவருவது ரேஞ்சுப் பக்கத்து ஊர்களில் உயிர் பறிக்கும் பழக்கம். பழைய இரும்புக் கடைக்காரரை நேரில் கூப்பிட்டு, வாங்கவே கூடாது என்று சொல்லிவையுங்கள். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை: தொடாதே, தள்ளிப்போ, சொல். பார்த்த இடத்தில் துணி கட்டி அடையாளம் வைக்கக்கூட அருகே போக வேண்டாம். தூரத்தில் நின்று 112க்குப் போன் செய்தால் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவை அவர்கள் வரவழைப்பார்கள். அவர்கள் வரும்வரை அந்தப் பக்கம் ஆடுமாடு போகாமல் ஊராட்சியே ஆள் நிறுத்த வேண்டும்.