வெள்ளைவால் மான் வேட்டைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: எதை வாங்குவது, எங்கே உட்காருவது

வேட்டைச் சாமான் விற்கிற பெரிய கடைக்குள் நுழைந்தால் தலை சுற்றும். மான் மூத்திரம் அடைத்த பாட்டில் ஒரு பக்கம், உடம்பு வாடையைப் போக்கும் ஸ்ப்ரே ஒரு பக்கம், கொம்பு மோதுகிற சத்தம் எழுப்பும் பை, முப்பது வகை கேமோ சட்டை. இவற்றில் பெரும்பாலானவை இல்லாமலே மான் அடிக்கலாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்காமல் உட்கார்ந்தால் இவை அத்தனையும் இருந்தும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் எழுதுவது பென்சில்வேனியாவை வைத்து. மற்ற மாநிலங்களில் மான் அதே மான்தான், சட்டம்தான் மாறும். ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்ததோடு வேட்டை முடிந்துவிட்டது, அதனால் "மானையா சுடப்போறே?" என்று வீட்டில் கேட்பார்கள். அமெரிக்காவில் கதையே வேறு. 1900 வாக்கில் சில லட்சமாகச் சுருங்கிப்போன வெள்ளைவால் மான் இன்று மூன்று கோடியை ஒட்டி இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள், துப்பாக்கி, தோட்டா, வில் சாமான்கள் மேல் 1937 சட்டப்படி வசூலாகும் மத்திய வரி மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குத்தான் போகிறது.

முதலில் காகித வேலை. இதற்கு முன் வேட்டை உரிமம் வாங்காதவர் என்றால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்தாக வேண்டும். உரிமம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை செல்லும். அதோடு வருகிற டேக் (அடித்த மானில் கட்டும் சீட்டு) கொம்புள்ள ஆண் மானுக்கு மட்டும். பெண் மானுக்குத் தனி உரிமம், அதுவும் நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதிக்கு மட்டும். பெரும்பாலான பகுதிகளில் பெரியவர்கள் அடிக்கும் ஆண் மானுக்கு ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று கிளை இருக்க வேண்டும், அதனால் பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், துப்பாக்கி மட்டும் வீட்டு அலமாரியில் இருக்கும், அது சிக்கல். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், அல்லது பேசாமல் கிராஸ்போவில் (விசையை அழுத்தி எய்யும் வில்) தொடங்குங்கள்; வில்லும் கிராஸ்போவும் அந்தச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கி அல்ல. அக்டோபரில் தொடங்கும் வில் சீசனில் குளிரும் குறைவு, காட்டில் கூட்டமும் குறைவு.

துப்பாக்கி பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நான் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தோட்டா அளவு 243, 6.5 கிரீட்மோர், 270, 308, 30-06, பழைய லீவர் ஆக்‌ஷன் 30-30, எதுவாக இருந்தாலும் மான் விழும். புதியவருக்கு 243 அல்லது 6.5 கிரீட்மோர் நல்லது, தோளில் உதைப்பது குறைவு, அதனால் சுடும்போது கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் ஒட்டாது. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷனாக வாங்குங்கள். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு இந்த மாநிலத்தில் மான் வேட்டையில் அனுமதி இல்லை. நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கும் செஸ்டர், மான்ட்கோமரி, பக்ஸ், அப்புறம் பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி மாவட்டம், இவையெல்லாம் சிறப்பு விதிகள் உள்ள பகுதிகள், எந்தத் துப்பாக்கி என்பதே அங்கே மாறும். மாநில வேட்டைத் துறையான கேம் கமிஷனின் கையேட்டைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். ஸ்கோப்புக்கு மூன்று முதல் ஒன்பது மடங்குவரை பெரிதாக்கும் 3-9x40 போதும், அதைக் குறைந்த பெரிதாக்கலிலேயே வைத்திருங்கள், ஏனென்றால் அடர்ந்த காட்டில் மான் முப்பது கெஜத்தில் திடீரென்று நிற்கும், ஒன்பது மடங்கில் பார்த்தால் வெறும் பழுப்பு ரோமம்தான் தெரியும். சீசனுக்கு முன் ரேஞ்சுக்குப் போய் 100 கெஜத்தில் குறி சரிபார்த்து, பிறகு மேசையை விட்டு எழுந்து உட்கார்ந்தும் முட்டிபோட்டும் சுட்டுப் பழகுங்கள். காட்டில் யாரும் மேசை போட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

துணிமணியில் காசு போடலாம், தப்பில்லை. நவம்பர் கடைசியில் விடியுமுன் போய் அசையாமல் உட்கார வேண்டும், குளிர் தாங்காதவன் காலை ஒன்பதுக்கே இறங்கிவிடுவான். உள்ளே பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் போடுங்கள். தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடக்காமல் பையில் கட்டி எடுத்துப்போய், உட்கார்ந்து மூச்சு அடங்கின பிறகு போட்டுக்கொள்வதுதான் முறை. வழக்கமான துப்பாக்கி சீசனில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு கட்டாயம். ஆரஞ்சைப் பார்த்து மான் ஓடிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம், அதன் கண்ணுக்குச் சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். நீலம்தான் பளிச்சென்று தெரியும், அதனால் நீல ஜீன்ஸ் கூடாது. வெள்ளையை வெளுப்பாகக் காட்டும் பொருள் கலந்த டிடர்ஜென்டிலும் வேட்டைத் துணியைத் துவைக்காதீர்கள், அந்தப் பொருள் புற ஊதா ஒளியில் மினுங்கும், மானுக்கு அது தெரியும்.

நம் வீட்டுக்கென்றே ஒரு விஷயம். ஜாக்கெட்டைச் சமையலறைப் பக்கம் மாட்டாதீர்கள். கடுகும் பெருங்காயமும் தாளித்த வாசனை துணியில் ஏறினால் வாரக்கணக்கில் போகாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கராஜில் வைத்துவிட்டு, காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்திய பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

பரண் என்றால் ட்ரீ ஸ்டாண்ட், தரையிலிருந்து பதினைந்து, இருபது அடி. இங்கே எதையும் மிச்சம் பிடிக்காதீர்கள். முழு உடல் ஹார்னஸ் (பாதுகாப்புப் பட்டை) போட்டு, மரத்தில் மேலிருந்து கீழ்வரை தொங்கும் லைஃப்லைன் கயிற்றில் தரையிலேயே மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் அந்த நொடியிலும்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். மேலே போய்ப் பெல்ட் மாட்டிக்கொள்ளலாம் என்பது மடத்தனம். துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு ஏறாமல், தோட்டா எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டி அப்புறம் மேலே இழுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பெரிய மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்காரலாம், அதிலும் நிறைய மான் விழுகிறது.

சரி, காற்றுக்கு வருவோம். மானின் மூக்கை ஏமாற்ற முடியாது, அதன் மூக்குக்கு நம் வாடை போகாதபடி உட்கார மட்டுமே முடியும். மான் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்களோ, காற்று அங்கிருந்து உங்கள் முகத்துக்கோ, குறைந்தபட்சம் பக்கவாட்டாகவோ வர வேண்டும். போனில் வானிலை பார்த்து 'வடமேற்கு' என்று முடிவு கட்டாதீர்கள், மலைச்சரிவில் அது பாதி உண்மை. வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று சூடாகி மேல்நோக்கிப் போகும், சாயங்காலம் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். ஆகவே காலையில் மேட்டிலும், மாலையில் தாழ்விலும் உட்காருவது பொதுவான கணக்கு. கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. சாலையோரம் வளரும் மில்க்வீட் காயைப் பறித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அது நம் எருக்குக்குச் சொந்தம்தான், அதே மாதிரி பஞ்சு. பரணில் உட்கார்ந்து ஒரு இழையை ஊதிவிட்டால் நேராகப் போய், நாற்பது கெஜம் தாண்டி, சட்டென்று திரும்பி நீங்கள் எதிர்பார்க்காத பள்ளத்துக்குள் இறங்கும். உங்கள் வாடையும் அங்கேதான் போகிறது. மான் அந்தப் பள்ளம் வழியாக வரும் என்றால் அந்த மரம் அன்றைக்கு உதவாது, வேறு மரத்துக்குப் போங்கள்.

இடம் தேட அக்டோபரிலேயே போய் நடங்கள். ஸ்டேட் கேம் லேண்ட் என்கிற பொது நிலம் மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தனியார் நிலம் என்றால் கதவைத் தட்டிக் கேளுங்கள். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து துப்பாக்கிக்கு 150 கெஜம், வில்லுக்கும் கிராஸ்போவுக்கும் 50 கெஜம் தள்ளி இருக்க வேண்டும். தரையில் என்ன தேடுவது? முதலில் சாப்பாடு. ஓக் மரத்துக் காய் கொட்டும் இடம், அதிலும் ஒயிட் ஓக், ரெட் ஓக் காய் துவர்ப்பு அதிகம் என்பதால் மான் அதைப் பிறகுதான் தொடும். அடுத்து படுக்கும் புதர், இரண்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை. ஆண் மான் கொம்பு தேய்த்துப் பட்டை உரித்த மரங்கள் ஒரு வரிசையாகத் தெரிந்தால் அது அவன் நடக்கிற வழி. மலை முகட்டில் தாழ்ந்த கணவாய் இருந்தாலும், காடு இரண்டு வயலுக்கு நடுவே குறுகினாலும் அங்கே மான் வந்துதான் தீரும், ஆன்எக்ஸ் போன்ற வரைபடச் செயலியில் உயரக்கோடுகளைப் பார்த்தே இதில் பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். தீனி கொட்டி வைப்பது இங்கே பொதுவாகச் சட்டவிரோதம். கடையில் பார்த்த மூத்திர பாட்டிலும், மான்களுக்கு வரும் மூளை நோய்ப் பகுதி என்று அறிவித்த இடங்களில் கூடாது.

நேரம்? விடியலும் அந்தியும் என்பார்கள், உண்மைதான், சுட அனுமதியும் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரைதான். ஆனால் நவம்பர் நடுவில் இனச்சேர்க்கைக் காலம் உச்சத்தில் இருக்கும்போது ஆண் மான் பட்டப்பகலில் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு சுற்றும். துப்பாக்கி சீசன் 2019 முதல் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை தொடங்குகிறது, அன்றைக்குக் காடு முழுக்க ஆரஞ்சுச் சட்டை. பத்து, பதினொன்றுக்குக் குளிர் தாங்காமல் எல்லோரும் காப்பி குடிக்க எழுந்து நடப்பார்கள், படுத்திருந்த மான் கிளம்பும். சாப்பாடு கட்டிக்கொண்டு போய் மதியமும் அங்கேயே உட்காருகிறவனுக்கு அந்த மான்.

மான் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே துப்பாக்கியைத் தூக்காதீர்கள். தலை மரத்துக்குப் பின்னால் மறையும்போது மட்டும் அசையுங்கள். சந்தேகம் வந்த பெண் மான் முன்னங்காலைத் தரையில் தட்டும், மேய்வது போலத் தலையைத் தாழ்த்திவிட்டு விருட்டென்று நிமிர்ந்து பார்க்கும், அதில் ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நிற்கும்போதோ, கொஞ்சம் உங்களுக்கு அப்பால் திரும்பி நிற்கும்போதோதான் சுட வேண்டும். நேராகப் பக்கம் காட்டினால், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், வயிற்றுக்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம், உள்ளே நுரையீரலும் இதயமும். அப்பால் திரும்பி நின்றால் உங்களுக்கு மறுபக்கத்தில் இருக்கும் முன்னங்காலைக் குறிவையுங்கள். தலைக்குக் குறிவைக்க வேண்டாம். பின்னால் மண் மேடு இருக்கிறதா என்று பாருங்கள், முகட்டின் மேல் வானத்தை ஒட்டி நிற்கும் மானைச் சுடக்கூடாது. நடந்துகொண்டே போனால் வாயால் 'மே' என்று ஒரு சத்தம், பெரும்பாலும் நிற்கும்.

சுட்டதும் இறங்கி ஓடாதீர்கள். கடைசியாக எந்த மரத்தருகே பார்த்தீர்கள் என்பதை மனதில் குறித்துக்கொண்டு அரை மணி உட்காருங்கள். பின்னங்காலை உதைத்துத் துள்ளிப் பாய்ந்தால் நெஞ்சில் பட்டிருக்கும், முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நகர்ந்தால் வயிற்றில். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல், அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு மணி நேரம் விடுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ நாற்றத்தோடு இருந்தால் வயிறு, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். துரத்தினால் அடுத்த மாவட்டம்வரை ஓடும், கிடைக்காது. ரத்தத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து, கடைசித் துளி கண்ட இடத்தில் ஆரஞ்சு நாடா கட்டி வைத்துவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

கிடைத்ததும் நகர்த்துவதற்கு முன் டேக் எழுதிக் காதில் கட்ட வேண்டும், பேனா கொண்டுபோக மறக்காதீர்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு வயிற்றைத் திறப்பது. கத்தி முனை மேல் பார்த்தபடி, இரண்டு விரலைத் தோலுக்கு அடியில் விட்டு இரைப்பையைக் கீழே அழுத்திக்கொண்டே கீறுங்கள், இரைப்பையும் மூத்திரப்பையும் கிழியக்கூடாது. உதரவிதானத்தைச் சுற்றி வெட்டி, உள்ளே கைவிட்டு மூச்சுக்குழாயை அறுத்து இழுத்தால் எல்லாம் ஒன்றாக வரும். எவ்வளவு சீக்கிரம் சூடு ஆறுகிறதோ அவ்வளவு நல்ல கறி.

2012-இல் இந்த மாநிலத்தில் முதலில் கண்டுபிடித்த சிடபிள்யூடி என்கிற மூளை நோய் பரவிவருகிறது. நோய்ப் பகுதியில் அடித்தால் தலையைக் கேம் கமிஷன் வைத்திருக்கும் பெட்டியில் பரிசோதனைக்குப் போடுங்கள், முதுகெலும்பு, மூளையை அந்த எல்லைக்கு வெளியே எடுத்துப்போக முடியாது. மனிதருக்கு வந்ததாகச் சான்று இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அதிகாரபூர்வ அறிவுரை. பத்து நாளுக்குள் அடித்த விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்க உண்ணி பாருங்கள், லைம் நோய் பரப்பும் உண்ணி நவம்பரிலும் குளிர் சற்றுத் தணிந்தால் ஏறும். சீசனுக்கு முன்பே துணியில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிமருந்தை அடித்துக் காயவைப்பது நல்லது, தோலில் அல்ல.

கறிக்கு ஒரே ஒரு விதி: வெள்ளைக் கொழுப்பையும் வெள்ளிபோல மின்னும் ஜவ்வையும் முழுக்க எடுத்துவிடுங்கள், அந்தக் கொழுப்பு மெழுகு மாதிரி வாயில் ஒட்டும். முதுகுத் துண்டை மிளகு, உப்பு மட்டும் தடவிச் சூடான இரும்புக் கல்லில் சட்டென்று திருப்பி எடுங்கள், அதிகம் வெந்தால் ரப்பர். காலும் கழுத்தும் குக்கருக்கு. ஆட்டுக்கறிக்கு வைக்கிற விசிலை விடக் கூடவே வையுங்கள், அப்புறம் சுக்காவாக வற்றவிடுங்கள், எண்ணெய் கொஞ்சம் தாராளமாக, ஏனென்றால் மான்கறியில் சொந்தக் கொழுப்பு இல்லை.