டேக் ஆஃபில் விண்ட் ஷியர்: செஸ்னா 172 ஓட்டப் பழகுபவர்களுக்கு

எழும்பி பத்து நொடிகூட ஆகியிருக்காது, நீங்கள் எதையும் தொடாமலே வேகமானி 74 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வேகத்திலிருந்து 90-க்குத் தாவுகிறது என்று வையுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் நல்லதுதானே என்று மூக்கைத் தூக்குவார்கள். ஆபத்து தொடங்குவதே அங்கேதான். காற்றின் வேகமோ திசையோ குறுகிய தூரத்தில் சட்டென்று மாறுவதுதான் விண்ட் ஷியர்; இப்போது கூடிய எதிர்க்காற்று அடுத்த நொடியே போய்விடலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 20 நாட் எதிர்க்காற்றில் 74 நாட் வேகத்தில் ஏறுகிறீர்கள், அதாவது தரையைப் பொறுத்து 54. சட்டென்று எதிர்க்காற்று நின்று 10 நாட் பின்காற்றாகிவிட்டால், இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகம் 44-தான். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) இறக்காத 172எஸ் மாடல் நேராகப் பறக்கையில் 48 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை போதுமான தூக்கு விசையை இழந்துவிடும். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, முதல் வேலை வீட்டிலேயே: வானிலை முன்னறிவிப்பைப் படியுங்கள். அதில் ‘டபிள்யூஎஸ்020/24040கேடி’ என்று இருந்தால், 2000 அடியில் 240 டிகிரியிலிருந்து 40 நாட் காற்று வீசுகிறது, அதற்குக் கீழே எங்கோ ஷியர் இருக்கிறது என்று பொருள். தெளிந்த விடியற்காலையில் தரையில் இலைகூட அசையாதபோதும் இது வரும், அதனால் ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து, ஓடுபாதைக்குப் போனதும் சுற்றிப் பாருங்கள். இரண்டு முனையிலும் உள்ள விண்ட் சாக்குகள் (காற்றின் திசை காட்டும் துணிக் குழாய்கள்) வெவ்வேறு பக்கம் காட்டுகின்றனவா? மேகத்திலிருந்து இறங்கும் மழை தரையைத் தொடாமலே காய்ந்து போகிறதா, அதன் அடியில் புழுதி வட்டமாகக் கிளம்புகிறதா? அப்படியென்றால் அது மைக்ரோபர்ஸ்டாக இருக்கலாம், அதாவது மேகத்திலிருந்து கீழே பாய்ந்து தரையில் நாலாபுறமும் சிதறும் காற்று. அதற்குள் காற்று நிமிடத்துக்கு 6000 அடி வரை கீழே தள்ளும். உங்கள் 172எஸ் கடல்மட்டத்திலேயே நிமிடத்துக்கு 730 அடிதான் ஏறும்.

மூன்றாவது, காத்திருங்கள். ஒரு மைக்ரோபர்ஸ்ட் தரையைத் தொட்டபின் 15 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது அபூர்வம், ஆனால் ஒன்று போனால் இன்னொன்று வரும், ஆகவே இடிமேகமே நகரும் வரை ஒரு டீ குடிக்கலாம். 1982 ஜூலை 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் கிளம்பிய பான் ஆம் 759 ஒரு போயிங் 727. மூன்று ஜெட் எஞ்சின் இருந்தும் 150 அடியைத் தாண்டவில்லை. உள்ளே இருந்த 145 பேரும் கீழே வீடுகளில் இருந்த 8 பேரும் இறந்தார்கள். நம்மிடம் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் எஞ்சின்.

கிளம்பலாம் என்று உறுதியாகத் தெரிந்தால், இருப்பதில் நீளமான ஓடுபாதையைக் கேளுங்கள். பாதி ஓடுபாதை தீர்வதற்குள் மூக்கைத் தூக்கும் வேகத்தில் 70 சதவீதம், அதாவது 55 நாட்டுக்குச் சுமார் 39 நாட், வரவேண்டும். வராவிட்டாலோ, ஏறிய முள் நின்று இறங்கினாலோ, த்ராட்டிலை மூடி பிரேக் பிடியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேலே மாட்டிக்கொண்டால் த்ராட்டில் முழுதாக இருக்கட்டும், திரும்ப முயலாதீர்கள், ஃபிளாப்பில் கை வைக்காதீர்கள். ஸ்டால் ஒலி கேட்டால் யோக்கை (விமானத்தைத் திருப்பும் பிடியை) பின்னால் இழுக்கத்தான் கை போகும். இழுக்காமல் கொஞ்சம் தளர்த்துங்கள், உயரம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

தப்பி வந்ததும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லுங்கள்: எந்த உயரத்தில், எத்தனை நாட் கூடியது, எத்தனை குறைந்தது, என்ன விமானம். உங்களுக்குப் பின்னால் ஓடுபாதை முனையில் ஒருவர் காத்திருப்பார்.