தோமையார் தலங்களும் ஒரு ஞானஸ்நானச் சான்றிதழும்

சென்னைக்கு வரும் கத்தோலிக்கக் குடும்பங்கள் எப்படியும் சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை என இயேசுவின் சீடர் தோமையாரின் தலங்கள் மூன்றுக்கும் சேர்த்து ஒரு நாள் ஒதுக்குவார்கள். அந்த நாளை எப்படிப் பிரிப்பது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: பிள்ளைக்கு வெளிநாட்டில் கோயில் கல்யாணம் வரப்போகிறது, ஞானஸ்நானச் சான்றிதழை இந்த விடுமுறையிலேயே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால், விமானம் இறங்கியதும் முதல் வேலை அதுதான்.

அலமாரியில் இருக்கும் பழைய சான்றிதழ் உதவாது. ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். காரணம் நியாயமானதுதான். ஒருவர் உலகத்தில் எந்தக் கோயிலில் மணம் முடித்தாலும் அந்தத் தகவல் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின், அதாவது அந்த வட்டாரக் கோயிலின், பதிவேட்டுக்கு வந்து சேர வேண்டும். புதுச் சான்றிதழில் அப்படி ஒரு குறிப்பு இல்லை என்றால் ஆள் மணமாகாதவர். இதை டொராண்டோவில் எனக்கு அழகாக விளக்கினார்கள். சென்னையில், எந்தப் பங்கு என்று சொல்ல மாட்டேன், அலுவலகத்தில் இருந்தவர் என் மகன் பெயரைத் தேடிப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “இளமாறன்னு யாருமே இல்லையே சார்” என்றார்.

இருக்க மாட்டான். பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும்தான் அவன் இளமாறன். ஜூலை 3, தோமையார் திருநாளை ஒட்டிப் பிறந்ததால் என் அம்மா அவனுக்கு வைத்த ஞானப்பெயர் தோமாஸ். பதிவேட்டில் அதுதான் இருந்தது. அப்பா அம்மா பெயர் சரி, தேதி சரி. “தோமாஸ் இருக்கான் சார். அது உங்க பையன்தான்னு நான் எப்படி நம்பறது?” அப்புறம், “நீங்க எந்த அன்பியம்?” அன்பியம் என்றால் பங்குக்குள் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு. கனடா என்றேன். “அப்ப சந்தா கட்டலையா?” அம்மா இருந்தவரை கட்டினார். அம்மா போன பிறகு கட்ட யாரும் இல்லை. இதை அந்த மேசை முன்னால் நின்று சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை.

மறுமுறை போனால் பதிவேடு வைத்த பீரோவின் சாவி பங்குத் தந்தையிடம். அவர் தியானத்துக்குப் போயிருந்தார். அதற்கடுத்து, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வேண்டும், அதில் ஞானப்பெற்றோர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்னவர் தோமையார். அவர்கூட அட்டெஸ்டட் காப்பி கேட்கவில்லை.

ஞானத்தகப்பன் இறந்து பல வருடம் ஆகிறது. ஞானத்தாய் என் அத்தை, ஆலந்தூரில் இருக்கிறார். “கையெழுத்துதானே, போடறேன். உங்கம்மா பிள்ளையை மலைக்குக் கூட்டிட்டு வர்றேன்னு நேர்ந்துகிட்டது அப்படியே நிக்குது. முதல்ல அதை முடி.” அவன் வேலையை விட்டு வர முடியாது அத்தை என்றேன். “பிள்ளை வரலைன்னா அப்பன் ஏறட்டும்.”

ஆக, கீழே இருக்கும் வரிசை அத்தை போட்டது. அதுவே நல்ல வரிசை.

காலையில் சாந்தோம். இப்போதுள்ள வெள்ளைக் கோபுரக் கோயில் 1896இல் கட்டி முடித்தது. அதற்கு முன் அங்கே இருந்தது 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியர் கோயில். கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழி உண்டு, பூசை நடக்கும்போதும் இறங்கிப் போகலாம். இந்தியாவின் மேற்குக் கடற்கரையில் கி.பி. 52இல் வந்து இறங்கிய தோமையார், 72இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், இங்கே அடக்கம் செய்தார்கள் என்பது மரபு. கூட வரும் கல்லூரிப் பிள்ளைகள் ஆதாரம் கேட்பார்கள். அவரைப் பற்றிய பழைய நூலான ‘தோமாவின் பணிகள்’ 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது. அதில் வரும் கொண்டோபரஸ் அரசனின் நாணயங்கள் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் கிடைத்திருக்கின்றன, மயிலாப்பூரைப் பற்றி அதில் பேச்சில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ, இந்தக் கரையில் கல்லறை இருப்பதையும் மக்கள் அங்கிருந்து சிவப்பு மண் எடுத்துப் போவதையும் எழுதியிருக்கிறார். இந்த விவாதத்தை ஹோட்டலில் வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் முழங்காலில் இருக்கும்போது வேண்டாம்.

கல்லறையில் இப்போது இருப்பது சிறு எலும்புத் துண்டுதான். மற்றவை இன்றைய துருக்கியில் உள்ள எடெசாவுக்குப் போய், கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்குப் போய், 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்குப் போய்ச் சேர்ந்தன என்பார்கள். ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களுக்கு அது பக்கம். இதை அத்தையிடம் சொன்னேன். “அவரும் வெளிநாடு போயிட்டாரா” என்று கேட்டுவிட்டு மெழுகுவர்த்தி வாங்கப் போய்விட்டார்.

சின்னமலைக்கு அரை மணி போதும். தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகை, பாறையிலிருந்து அவர் வரவழைத்ததாகச் சொல்லும் ஊற்று. குகை வாசல் குறுகல். உடம்பு பருத்தவர்கள் யோசித்து நுழையவும். மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

பரங்கிமலைக்குச் சாயங்காலம் போங்கள், வெயில் தாழட்டும். மேலே வரை கார் போகும், ஆனால் நேர்த்திக்கடன் என்றால் படிதான். அந்தப் படிகளை 18ஆம் நூற்றாண்டில் தன் செலவில் போட்டவர் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடத்தில் 1726இல் பாலம் கட்டியவரும் அவரே. ஊர் விட்டு வந்த மனிதர், வந்த ஊருக்குச் செய்தார். நான் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அத்தை கீழே ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு போனில் எந்தப் படியில் நிற்கிறாய் என்று விசாரித்தார். பிறகு ஆட்டோவிலேயே மேலே வந்து எனக்கு முன்னால் கோயிலுக்குள் போய்விட்டார். பலிபீடத்தில் உள்ள கல்சிலுவையைக் கட்டாயம் பாருங்கள். 1547இல் தோண்டும்போது கிடைத்தது, சுற்றிலும் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. 1558 டிசம்பர் 18இல் பூசையின்போது அதில் இரத்தம் கசிந்தது என்று நம்புகிறார்கள். வெளியே வந்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதும் நன்றாகத் தெரியும். அத்தை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, பையைத் திறந்து, கண்ணாடி போட்டு, கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழ் கையில் வந்ததும் அங்கேயே நின்று முத்திரை, பங்குத் தந்தை கையெழுத்து, மணமாகவில்லை என்ற குறிப்பு, பெற்றோர் பெயரின் ஒவ்வொரு எழுத்து எல்லாவற்றையும் சரிபாருங்கள். எங்களுடையதில் என் மனைவி பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. சாவி மறுபடியும் பங்குத் தந்தையிடம்.