உங்கள் தளத்தின் பேக்கப் யார் கைக்கும் எட்டுகிறதா?

கடந்த மே மாதம், சீசன் உச்சத்தில் இருந்தபோது, கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா இரவு ஒன்பதரை மணிக்கு என்னை அழைத்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் வீட்டில் தங்கிச் சென்ற பெண் ஒருவர் கூகுளில் தன் பெயரைத் தேடியிருக்கிறார். அவருடைய முன்பதிவுப் படிவம், செல்பேசி எண்ணும் வீட்டு முகவரியுமாக, பிடிஎஃப் கோப்பாக வந்து நின்றிருக்கிறது. "தம்பி, நான் யாருக்கும் கொடுக்கவில்லையே" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் கொடுக்கவில்லைதான். தளத்தை முதலில் அமைத்தவர்கள் ஹோஸ்டிங்கை (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சேவையை) மாற்றும்போது பழைய தளம் முழுவதையும் 'ஓல்டு' என்ற கோப்புறையில் நகலெடுத்து, தளத்துக்கு உள்ளேயே விட்டுப் போயிருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஜிப் கோப்பு, டேட்டாபேஸின் நகலாக ஓர் எஸ்கியூஎல் கோப்பு. கோப்புறையின் முகவரியைத் தட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் பட்டியலாக விரிந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். ஒருநாளும் அதைத் திறந்து பார்க்கவில்லை, பொறுப்பு என்னுடையது. பெருமாள்மலையில் உட்கார்ந்துகொண்டு நான் கவனிக்கும் 11 தளங்களையும் அந்த வாரமே சோதித்தேன். மூன்றில் இதே நிலை. அப்போது செய்தவற்றை உங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தேடுங்கள். ஹோஸ்டிங்கின் கோப்பு மேலாளரில் 'பப்ளிக்_எச்டிஎம்எல்' என்ற கோப்புறைதான் பொதுவாக உங்கள் தளத்தின் வாசல். அதற்குள் இருக்கும் எதையும், பெயர் தெரிந்தால், உலகில் யாரும் கேட்டு வாங்கலாம். மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொண்டு, ஜிப், டார், ஜிஇசட், எஸ்கியூஎல் என்று முடியும் கோப்புகளைத் தேடுங்கள். பேக், ஓல்டு என்று முடிபவற்றையும் விடாதீர்கள். அவை சிறியவை என்பதால் கண்ணில் படாது, ஆனால் ஆபத்து அவற்றில் அதிகம். தளம் அமைக்கப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் அதில் அப்படியே எழுதப்பட்டிருக்கும். பிஎச்பி என்று முடியும்வரை சர்வர் அதை இயக்குமே தவிர வெளியே காட்டாது. யாரோ திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து, கடைசியில் 'பேக்' என்று சேர்த்துவிட்டால், பெரும்பாலான சர்வர்கள் அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாக எடுத்துக் கொடுத்துவிடும்.

"அந்த முகவரி எங்கும் இணைக்கப்படவில்லை, யாருக்குத் தெரியும்?" என்று பலர் கேட்கிறார்கள். கொடைக்கானலில் வீடு வைத்திருப்பவர்களுக்குக் குரங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஜன்னலில் கொக்கி போடவில்லை என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. வரிசையாக ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கிறது. தானியங்கி நிரல்களும் இதைத்தான் செய்கின்றன. பேக்கப் ஜிப், சைட் ஜிப், டிபி எஸ்கியூஎல், உங்கள் டொமைன் பெயரிலேயே ஒரு ஜிப் என்று வழக்கமான பெயர்களை ஒவ்வொரு தளத்திலும் கேட்டுப் பார்க்கும். யார் எந்தக் கோப்பைக் கேட்டார்கள் என்று உங்கள் சர்வர் குறித்துவைக்கும் அணுகல் பதிவேட்டை இறக்கிப் படித்தால் நீங்களே பார்க்கலாம். பூம்பாறையில் மலைப்பூண்டு விற்கும் ஒருவரின் சின்னஞ்சிறு தளத்திலும் இந்தக் கேள்விகள் வரிசையாகப் பதிவாகியிருந்தன.

கண்டெடுத்ததை என்ன செய்வது? வாசலுக்கு வெளியே நகர்த்துங்கள். 'பப்ளிக்_எச்டிஎம்எல்' இருக்கும் அதே மட்டத்தில், அதற்குள் அல்லாமல் அதன் பக்கத்தில், ஒரு புதிய கோப்புறை உருவாக்கி அங்கே வையுங்கள். அந்த இடத்துக்கு இணைய முகவரியே கிடையாது. கோப்புறைக்கு 700, கோப்புகளுக்கு 600 என்று அனுமதி கொடுத்தால் உங்கள் கணக்கைத் தவிர மற்றக் கணக்குகளால் திறக்க முடியாது. இனிச் சொல்லப்போகும் பூட்டுகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான். நகர்த்த முடிகிற கோப்புக்குப் பூட்டுப் போட்டு வாசலிலேயே வைத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சில பேக்கப் பிளக்இன்கள் (தளத்தோடு சேர்க்கும் துணை நிரல்கள்) தங்கள் கோப்புகளை வாசலுக்கு உள்ளேதான் வைப்போம் என்று அடம்பிடிக்கும். அப்போது பூட்டு தேவை. உங்கள் சர்வரில் ஓடும் மென்பொருள் அப்பாச்சி அல்லது லைட்ஸ்பீடு என்றால், அந்தக் கோப்புறைக்குள் 'எச்டிஆக்சஸ்' என்ற கோப்பை உருவாக்குங்கள். பெயரின் முதலில் ஒரு புள்ளி வரும், எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, இடைவெளி கூடாது. அதற்குள் மூன்றே சொற்கள்: 'ரிக்வயர் ஆல் டினைட்'. அப்பாச்சியின் 2.4 பதிப்பு முதல் இதுதான் முறை. பழைய குறிப்புகளில் காணும் 'டினை ஃபிரம் ஆல்' அதற்கு முந்தைய பதிப்புகளுக்கானது. தளத்தின் மேல்மட்டத்தில் உள்ள அதே பெயர்க் கோப்பில் 'ஆப்ஷன்ஸ்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு ஒட்டி 'இன்டெக்ஸஸ்' என்று சேர்த்தால் கோப்புப் பட்டியல் விரிவதும் நின்றுவிடும். பட்டியலை மட்டும் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வெறும் இன்டெக்ஸ் பக்கம் ஒன்றைப் போட்டு வைப்பதும் அப்படித்தான்: பெயர் தெரிந்தவர் நேராகக் கோப்பையே எடுத்துக்கொள்வார்.

இன்னொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் இந்த எச்டிஆக்சஸ் கோப்பைப் படிப்பதே இல்லை. பிளக்இன் தானாகவே பூட்டுக் கோப்பை வைத்திருக்கிறது என்று நம்பியிருந்த தளம் என்ஜின்எக்ஸுக்கு மாறிய அன்றே அந்தப் பூட்டு வெறும் காகிதமாகிவிடும். பண்ணைக்காட்டில் காபி விற்கும் நண்பர் ஒருவரின் தளத்தில் இதைப் பார்த்தேன். என்ஜின்எக்ஸில் சர்வரின் அமைப்புக் கோப்பிலேயே எழுத வேண்டும்: 'லொக்கேஷன்' பகுதி ஒன்றில் கோப்புறையின் பாதையைக் கொடுத்து, உள்ளே 'ரிட்டர்ன் 404' (அப்படி ஒன்று இங்கே இல்லை என்ற பதில்) என்று எழுதி, சர்வரை மறுபடி ஏற்ற வேண்டும். பாதைக்கு முன் ^~ என்ற குறியைச் சேருங்கள். அது இல்லையென்றால், கோப்பு வகையைப் பார்த்து எழுதப்பட்ட வேறொரு விதி முந்திக்கொண்டு ஜிப்பைக் கொடுத்துவிடக்கூடும். அமைப்புக் கோப்பைத் தொடும் உரிமை உங்களுக்கு இல்லையென்றால் ஹோஸ்டிங்காரர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.

அன்று இரவு அவசரத்தில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். கோப்புறையை நகர்த்துவதற்கு முன்பே, கூகுள் பார்க்கக் கூடாது என்று 'ரோபோட்ஸ்' கோப்பில் அதன் பெயரை எழுதினேன். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மறுநாள் பதிவேட்டில் பார்த்தால், ஒரே முகவரியிலிருந்து ரோபோட்ஸ் கோப்பு கேட்கப்பட்டிருக்கிறது, அடுத்த நொடியே அந்தக் கோப்புறை கேட்கப்பட்டிருக்கிறது. நல்ல நிரல்களுக்கு அது ஒரு வேண்டுகோள். மற்றவற்றுக்கு வழிகாட்டிப் பலகை. இன்னொரு கெடுதலும் உண்டு. கூகுளை உள்ளே வரவிடாமல் தடுத்தால், கோப்பு போய்விட்டது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அந்த வரியை நீக்கிவிடுங்கள், கூகுள் வந்து 404 பார்த்துவிட்டுப் போகட்டும். உடனடியாகத் தேடலிலிருந்து மறைக்க, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் நீக்கக் கோரும் வசதி இருக்கிறது. அது ஏறத்தாழ ஆறு மாதத்துக்குத்தான் மறைக்கும்.

பூட்டியதும் சோதியுங்கள். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் கோப்புறையின் முகவரியை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே இருக்கும் ஒரு கோப்பின் முழு முகவரியையும் தட்டுங்கள். 403 (அனுமதி இல்லை) அல்லது 404 வந்தால் சரி. இறங்கத் தொடங்கினால் பூட்டு விழவில்லை. கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவில் இருந்தால் இன்னொன்றும் உண்டு: அது ஜிப் வகைக் கோப்புகளை வழக்கமாகவே தன்னிடம் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் அழித்த பிறகும் அந்த நகல் சில நேரம் வெளியே போய்க்கொண்டிருக்கும். அதன் கேஷை (அந்த நகல்களின் இருப்பை) முழுவதும் காலி செய்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

கோப்பு ஏற்கெனவே வெளியே போயிருக்கலாம் என்றால் பதிவேட்டை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல ஹோஸ்டிங்குகளில் அது சில நாட்களில் அழிந்துவிடும். அந்தக் கோப்பின் பெயருக்கு எதிரே 200 என்று இருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல், நிர்வாகிகளின் கடவுச்சொற்கள், மின்னஞ்சல் அனுப்பும் கணக்கின் கடவுச்சொல், கட்டண நுழைவாயிலின் சாவிகள், வேர்ட்பிரஸின் ரகசியச் சாவிகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கடைசியில் சொன்னதை மாற்றினால் உள்ளே நுழைந்திருக்கும் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள், அது நல்லதே. நிறுவனங்களுக்கு, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவின்படி, இத்தகைய சம்பவத்தை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்லுங்கள். அக்காவும் நானும் அந்த ஆண்டின் விருந்தினர்கள் எல்லோரையும் இரண்டு நாட்கள் உட்கார்ந்து அழைத்தோம். சிலர் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது.

பிறகு, வைப்பதையே குறையுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்த பிறகு, விருந்தினர்கள் இ-பாஸையும் ஆதார் நகலையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை மட்டும் அனுப்பும்படி அக்கா இப்போது கேட்கிறார். அறையைக் காலி செய்ததும் தளத்திலிருந்து அந்த நகலை நீக்குகிறார்.

பேக்கப்பின் இன்னொரு பிரதி சர்வருக்கு வெளியே இருக்க வேண்டும். நான் 7-ஜிப் என்ற மென்பொருளில் ஏஇஎஸ்-256 குறியாக்கத்தோடு (கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாதபடி), கோப்புப் பெயர்களும் மறையும்படி கட்டி, வெளி ஹார்ட் டிஸ்கில் வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போனால் பாதியில் இறங்கிய கோப்புதான் மிஞ்சும். ஆகவே இறக்கியதும் அளவை ஒப்பிட்டு, ஒருமுறை விரித்தும் பார்ப்பேன். மலை ஈரத்துக்கு டிஸ்கை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன்.

ஹோஸ்டிங் மாற்றும் நாளில் மட்டும் இருமடங்கு கவனம் வேண்டும். ஜிப்பை வாசலுக்குள் ஏற்றி, அங்கேயே விரித்து, தளம் ஓடத் தொடங்கிய மகிழ்ச்சியில் அதை மறந்துவிடுவோம். அக்காவின் தளத்தில் நடந்தது இதுதான். தளம் திறந்ததும் முகப்பைப் பார்க்கும் முன் கோப்பு மேலாளருக்குப் போய் அந்த ஜிப்பை அழியுங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.